வீட்டு ஸ்டுடியோவில் கிட்டார்: பதிவு முதல் மிக்ஸிங் வரை, கொங்கு நாட்டு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு மடிக்கணினி, இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், காதை முழுமையாக மூடும் ஹெட்போன் ஆகிய நான்கும் இருந்தால் வீட்டிலேயே கிட்டாரைத் தரமாகப் பதிவு செய்யலாம். ஆனால் இவை எல்லாம் இருந்தும் பல வீட்டுப் பதிவுகள் அடியில் கும்மென்று வீங்கியும் மேலே கூர்மையாகக் கீச்சிட்டும் ஒலிக்கின்றன. அதற்கான பரிகாரத்தைப் பலரும் மென்பொருளில் தேடுகிறார்கள். குறையோ பெரும்பாலும் அறையிலும், கம்பியிலும், மைக் நிற்கும் இடத்திலும் இருக்கிறது. பதிவு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கிட்டாரின் ஒலியில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் பதிவுக்கு முந்தைய வேலைக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: அறையை அறிதல்

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கட்டப்படும் கான்கிரீட் வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி என்ற அளவை ஒட்டியே இருக்கும். கூரையின் உயரமும் பத்தடியை நெருங்கும். ஒலிப்பதிவுக்கு இதைவிடக் கடினமான வடிவம் குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. பத்தடி, அதாவது 3.05 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 57 அதிர்வு), அதன் இரட்டிப்பான 114 ஹெர்ட்ஸிலும் நிலையலைகள், அதாவது ஓரிடத்திலேயே நின்று அதிரும் அலைகள், உருவாகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாக இருந்தால் மூன்று திசைகளிலும் அதே அலைகளே உருவாகி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கிட்டாரின் ஐந்தாம் கம்பி, விரல் வைக்காமல் மீட்டும்போது, 110 ஹெர்ட்ஸ். அதன் முதல் ஃபிரெட்டில் 117 ஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு, பெரிய உடல் கொண்ட அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலித்துளையில் உள்ள காற்றும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே இயல்பாக அதிர்கிறது. இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடுவதால்தான் ஏ கார்டு வாசிக்கும்போது மட்டும் அறை முழுவதும் முழங்குகிறது.

இதற்குச் செலவில்லாத முதல் மருந்து, உட்காரும் இடத்தை மாற்றுவது. அறையின் நடுப்புள்ளியில் 114 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். சுவரை ஒட்டியும் அப்படியே. எனவே மைக், நீளத் திசையிலும் அகலத் திசையிலும் பக்கத்துச் சுவரிலிருந்து பார்த்தால், அறை நீளத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட தூரத்தில், அதாவது இரண்டரை முதல் மூன்றேகால் அடிக்குள், நிற்பது நல்லது. நாற்காலியில் அமர்ந்து வாசிப்பவரின் முன் வைக்கும் மைக் தரையிலிருந்தும் ஏறத்தாழ அதே உயரத்தில் நிற்பதால், உயரத் திசையில் நமக்கு வேலை மிச்சம்.

தோட்டத்துச் சாளையோ பழைய ஓட்டு வீடோ கிடைக்குமானால் அக்கூஸ்டிக் கிட்டாரை அங்கே பதிவு செய்து பாருங்கள். சரிவான கூரையும் தரையும் இணையாக இல்லாததால் ஒலி ஒரே வழியில் திரும்பத் திரும்ப ஓடுவதில்லை. ஓடுகளின் மேடுபள்ளம் அதைச் சிதறடிக்கிறது. வெளிச்சத்தம் எளிதில் உள்ளே வரும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அறை தரும் ஒலியின் திறந்த தன்மையைக் கான்கிரீட் அறையில் எந்தக் கருவியாலும் வாங்க முடியாது.

இரண்டாம் படி: ஒலியை உறிஞ்சும் பலகைகள்

பல வீட்டு ஸ்டுடியோக்களில் ஒரு அங்குல நுரைப் பஞ்சை நான்கு சுவர்களிலும் ஒட்டியிருப்பதைக் காணலாம். மெல்லிய பொருள் உயர் அலைகளை மட்டுமே உறிஞ்சும். அடி அலைகள் அப்படியே நிற்கும். விளைவாக, கிட்டாரின் பளபளப்பு போய்விட, முழக்கம் மட்டும் மிஞ்சுகிறது. சுவரை நிரப்புவதைவிடத் தடிமனைக் கூட்டுவது முக்கியம். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகையைச் சுவரிலிருந்து மேலும் 10 சென்டிமீட்டர் தள்ளி மாட்டினால், அதே பொருள் ஏறத்தாழ பாதி ஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்ந்த அலைகள் வரை வேலை செய்யத் தொடங்கும்.

இந்த வேலைக்கான பொருள்கள் நம் ஊர்களிலேயே விளைகின்றன, நெய்யப்படுகின்றன. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட், பருத்தியாக இருக்குமானால், நல்ல உறிஞ்சி. நான்கடிக்கு இரண்டடி, நான்கு அங்குல ஆழம் கொண்ட மரச்சட்டம் செய்து, ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 3 கிலோ வேஸ்ட்டைக் கட்டிகளில்லாமல் உதறிப் பரப்பி, முன்னும் பின்னும் மெல்லிய பனியன் துணியை இழுத்து ஆணியடித்தால் பலகை தயார். அதைவிட இறுக்கி அடைத்தால் ஒலி உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். பருத்தி எளிதில் தீப்பற்றும் என்பதால், பிளக் பாயிண்ட், ஸ்டெபிலைசர், சூடாகும் விளக்கு ஆகியவற்றின் அருகே இப்பலகைகளை ஒருபோதும் மாட்டக் கூடாது. இந்தக் கவலை வேண்டாம் என்பவர்கள் அதே சட்டத்தில் பாறைக் கம்பளிப் பலகையை வைக்கலாம். அதன் இழை வெளியே பறக்காதபடி துணியால் நன்கு மூட வேண்டும்.

இத்தகைய பலகைகள் ஆறு போதும். இரண்டை அறை மூலைகளில் குறுக்காக நிறுத்துங்கள். அடி அலைகள் கூடுவது அங்கேதான். மற்றவற்றை வாசிப்பவரின் பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் வையுங்கள். தரையில் பருத்தியில் நெய்த பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தால் டைல்ஸ் தரையின் பளிச்சென்ற எதிரொலி அடங்கும். வாசிப்பவருக்குப் பின்னால் சென்னிமலைப் போர்வைகள் இரண்டை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து அரையடி தள்ளித் தொங்கவிடுங்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான் என்பதால் இந்த ஓர் இடத்தில் துணிக்குப் பயன் அதிகம். கரூர்த் திரைச்சீலையின் கனமான ரகம் சன்னலுக்கு உகந்தது. ஒரு சுவரையாவது வெறுமையாக விடுங்கள். முழுவதும் அடைத்த அறையில் வாசிப்பவருக்கே கை ஓடாது.

மூன்றாம் படி: தறியும் மோட்டாரும் மின்சாரமும்

உறிஞ்சும் பலகைகள் அறைக்குள் பிறக்கும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தைத் தடுக்கமாட்டா. சோமனூரிலும் பல்லடத்திலும் தறிக்குடோனுக்கு அடுத்த வீட்டில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். கதவின் அடி இடுக்கையும் சன்னல் விளிம்புகளையும் ரப்பர் பீடிங் ஒட்டி அடைப்பது முதல் வேலை. காற்று நுழையும் வழியெல்லாம் ஒலியும் நுழையும். தறியின் அதிர்வு தரை வழியாகவும் வருவதால் மைக் ஸ்டாண்டின் அடியில் தடித்த தென்னை நார் மிதியடியும் ரப்பர் பாயும் வையுங்கள். கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்புறக் காது மந்தம். ஆகவே மைக்கின் முதுகு தறிப்பக்கம் இருக்குமாறு திருப்பி, நீங்கள் தறிப்பக்கத்தை நோக்கி உட்காருங்கள்.

நேரத்தைத் திட்டமிடுவது இவை அனைத்தையும்விடப் பலன் தரும். நேரடியாகக் கேபிள் வழியே பதியும் எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தறிச்சத்தம் ஒரு பொருட்டல்ல. அதைப் பகலில் முடித்துவிட்டு, மைக் தேவைப்படும் அக்கூஸ்டிக்கை அமைதியான நேரத்துக்கு ஒதுக்குங்கள். அதிகாலையில் பதியலாம் என்றால், தாராபுரம், பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் மயில்கள் அகவத் தொடங்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் பகல்நேர மின்தடை நாள்கள் கிட்டார்காரர்களுக்குக் கிடைக்கும் கொடை என்றே சொல்வேன். தறியும், மோட்டாரும், கிரைண்டரும், மின்விசிறியும் ஒருசேர நிற்கும். யு.எஸ்.பி. வழியே மின்சாரம் பெறும் இன்டர்ஃபேஸ் மடிக்கணினியின் பேட்டரியிலேயே ஓடும். அருகில் ஜெனரேட்டர் வைத்த கம்பெனி இல்லாதிருந்தால் அன்று பதிவாகும் அமைதி வேறெந்த நாளிலும் கிடைக்காது.

மின்னிரைச்சல் தனிப் பிரச்சினை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் கிட்டார் ஒலியோடு கலந்து உறுமும். ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பாகம்) உள்ள கிட்டாரோடு நாற்காலியில் மெல்லச் சுழன்று பாருங்கள்; ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் வெகுவாகக் குறையும், அந்தக் கோணத்திலேயே அமர்ந்து வாசியுங்கள். விளக்கின் டிம்மரையும் மின்விசிறி ரெகுலேட்டரையும் அணையுங்கள். சார்ஜரைக் கழற்றிய உடனே இரைச்சல் நின்றால் கோளாறு எர்த் இணைப்பில் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபாருங்கள். இரைச்சல் போகிறதே என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்குவது உயிருக்கு ஆபத்து. எந்தப் பதிவும் அதற்கு ஈடல்ல.

நான்காம் படி: கருவியைத் தயார் செய்தல்

பதிவுக்கு ஓரிரு நாள்களுக்கு முன் புதுக் கம்பி மாட்டி, நன்கு இழுத்து நிலைப்படுத்துங்கள். அக்கூஸ்டிக்குக்கு 0.012 அங்குலத்தில் தொடங்கும் பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கலக் கலவை) கம்பிகள் போதிய உடலைத் தரும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் மரம் உப்பி, கம்பியின் உயரம் கூடும்; பங்குனி வெயிலில் அதே மரம் சுருங்கி ஃபிரெட்டில் கம்பி உரசும். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி, கிட்டார்ப் பெட்டிக்குள் 45 முதல் 55 சதவீதம் வரை ஈரப்பதத்தை வைத்திருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை வாசித்துப் பதிவது) முன் சுருதி பார்ப்பதைச் சலிப்பாகக் கருத வேண்டாம். மிக்ஸிங்கில் சுருதி விலகலை மறைப்பது மிகக் கடினம்.

ஐந்தாம் படி: அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மைக்

சிறிய டயஃப்ரம் கொண்ட கண்டென்சர் மைக் இதற்கு மிகப் பொருத்தமானது. இன்டர்ஃபேஸில், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட்டை இயக்க மறக்காதீர்கள். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைப்பதே தொடக்கத்தில் எல்லாருக்கும் தோன்றும். நான் மேலே சொன்ன 100 ஹெர்ட்ஸ் காற்று வெளியேறுவது அந்தத் துளை வழியாகத்தான் என்பதால், அங்கே கும்மென்ற முழக்கமே பதிவாகும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை, அதாவது பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்குச் சற்று உள்ளே, குறிவைத்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் மைக்கை நிறுத்துங்கள். கார்டியாய்டு மைக் அருகே போகப் போக அடி அலைகளைப் பெருக்கும். தனியாகப் பாடும் ஒருவருக்குத் துணையாக வாசிக்கும்போது சற்று நெருங்கலாம், பல கருவிகள் சேரும் பாட்டில் விலகுவதே நன்று.

இதன் பிறகு கையில் ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த அலைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) இல்லை என்று எண்ணிக்கொண்டு வேலை செய்யுங்கள். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒருவர் வாசிக்க, மற்றவர் மைக்கை இரண்டு விரற்கடை நகர்த்தி நகர்த்திக் கேட்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் கழுத்துப் பக்கம், மெலிந்திருந்தால் பாலத்தின் பக்கம் அல்லது கீழ்ப்புற உடலை நோக்கி நகர்த்துங்கள். கீச்சிடும் பிக் ஒலியை மைக்கின் கோணத்தைச் சற்றுத் திருப்பியே குறைத்துவிடலாம். இந்த வேலைக்கு அரைமணி நேரம் செலவழித்தாலும் அது வீணல்ல. மிக்ஸிங்கில் ஒரு நாளை அது மிச்சப்படுத்தும்.

ஸ்டீரியோ வேண்டுமென்றால் ஒரே வகை மைக் இரண்டை, தலைகள் ஒன்றன்மேல் ஒன்று படுமாறு 90 டிகிரி கோணத்தில் வையுங்கள். ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் அடைவதால் பின்னர் மோனோவாக்கினாலும் (இருபக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்தாலும்) எதுவும் கழிந்துபோகாது. கிட்டாரில் பிக்கப் இருந்தால் அதையும் இரண்டாவது உள்ளீட்டில் தனி டிராக்காகப் பதியலாம். ஆனால் 30 சென்டிமீட்டர் தள்ளியுள்ள மைக்குக்கு ஒலி சுமார் 0.86 மில்லி செகண்ட் தாமதமாகவே வந்து சேரும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) எடுக்கும் பதிவில், இது 41 சாம்பிள். அந்த அளவு மைக் டிராக்கை முன்னே இழுத்தால் இரண்டும் சேர்ந்து தடிக்கும். இழுக்காவிட்டால் ஒன்றையொன்று தின்னும்.

ஆறாம் படி: எலெக்ட்ரிக் கிட்டார்

இன்டர்ஃபேஸில் கருவிக்கெனக் குறிக்கப்பட்ட உள்ளீட்டிலேயே கிட்டாரைச் சொருகுங்கள். அதன் மின்தடை ஏறத்தாழ 10 லட்சம் ஓம். சாதாரண லைன் உள்ளீட்டில் சொருகினால் பிக்கப்பின் உயர் அலைகள் அமுங்கிவிடும். எந்த விளைவும் சேர்க்காத இந்தச் சுத்தமான டிராக்கை எப்போதும் தனியே சேமியுங்கள். ஆம்ப்பின் ஒலியை நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருளில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள முடியும். கேபினட் இம்பல்ஸ் கோப்பைச் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) சேர்க்காமல் கேட்டால் பெரும்பாலான மாடல்கள் கொசு ரீங்காரமாகவே ஒலிக்கும். அந்தக் கோப்பைத் தேர்வதில்தான் ஒலியின் குணம் இருக்கிறது. டிஸ்டார்ஷனை உங்களுக்குப் பிடித்த அளவிலிருந்து கால் பங்கு குறைத்தே பதியுங்கள். இரண்டு டிராக்குகள் சேரும்போது அது தானாகவே கூடும்.

உண்மையான ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு 1965 முதல் புழக்கத்தில் உள்ள ஷூர் எஸ்.எம்.57 மைக் இன்றும் போதும். ஸ்பீக்கரின் நடுக்குமிழ் முடியும் விளிம்புக்கு எதிரே, துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வைத்துத் தொடங்குங்கள். நடுவை நோக்கி நகர்ந்தால் பளிச்சென்றும், விளிம்பை நோக்கி நகர்ந்தால் இருண்டும் ஒலிக்கும்.

ஏழாம் படி: பதிவு

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதுமானது. மிக ஓங்கி வாசிக்கும் இடத்திலும் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (உள்ளீட்டைப் பெருக்கும் அளவை) வையுங்கள். 24 பிட்டில் குறைந்த ஒலியளவில் பதிவதால் இழப்பில்லை, உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியையோ மீட்க முடியாது. பஃபர் (கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவு) 128 சாம்பிளில் இருந்தால் கேட்பதற்கான தாமதம் பெரும்பாலான கணினிகளில் வாசிப்பைக் குலைக்காது. அதற்கும் கணினி திணறினால் இன்டர்ஃபேஸின் நேரடிக் கேட்பு வசதியைப் பயன்படுத்துங்கள்.

தாளத்துக்கு மெட்ரோனோம் நல்லது. வள்ளி கும்மி போல வேகம் கூடிக்கொண்டே போகும் பாட்டுக்குக் கிட்டார் சேர்ப்பதாக இருந்தால் ஒரே வேகத்தில் ஓடும் கிளிக் பாட்டைக் கொன்றுவிடும். முதலில் பாடகரையும் கைத்தாளத்தையும் பதிந்து, அதன் மேல் வேக வரைபடம் அமைத்து, பிறகு கிட்டாரை வாசியுங்கள். ஸ்ட்ரம்மிங் பகுதியை இருபுறமும் விரிக்க விரும்பினால் இரண்டு முறை முழுமையாக வாசிக்க வேண்டும். ஒரே டேக்கை நகலெடுத்துச் சில மில்லி செகண்ட் தள்ளி வைப்பது அகலத்தைத் தருவதுபோல் தோன்றினாலும், மோனோவில் சில அலைகள் அறவே காணாமல் போகும். இரண்டாம் முறை வாசிக்கும்போது கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு வேறு கார்டு வடிவத்தில் வாசித்தால் அகலம் இயல்பாகவே வரும்.

எட்டாம் படி: மிக்ஸிங்

முதலில் எல்லா விளைவுகளையும் அணைத்துவிட்டு, ஒலி அளவையும் இடவலத்தையும் மட்டும் கொண்டு பாட்டை நிறுத்திப் பாருங்கள். இரட்டை ஸ்ட்ரம்மிங்கை முழு இடம், முழு வலம் என வைத்து, குரலுக்கு நடுவை விட்டுக்கொடுங்கள். கும்மியின் கைகொட்டலும் பிக்கின் கடிப்பும் ஏறத்தாழ ஒரே உயர் அலைப் பகுதியில் மோதுவதால், அவற்றை எதிரெதிர்ப் பக்கங்களில் வைப்பது எந்த ஈக்யூவையும்விட நன்றாக வேலை செய்யும்.

பிறகு ஈக்யூ. தனிக் குரலோடு வரும் அக்கூஸ்டிக்கில் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டுங்கள். ஆறாம் கம்பியின் 82 ஹெர்ட்ஸ் உயிரோடு இருக்கட்டும். பாஸும் தாளக் கருவிகளும் சேர்ந்த பாட்டில் 100 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை தயங்காமல் வெட்டலாம். கலங்கல் பெரும்பாலும் 200 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அங்கே இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் போதும். குரல் தெளிவில்லை என்றால் குரலை ஏற்றுவதற்கு முன் கிட்டாரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை இரண்டு டெசிபல் இறக்கிப் பாருங்கள். டிஸ்டார்ஷன் கிட்டாரில் 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது பெரும்பாலும் இரைச்சல். அதை வெட்டுவதால் இழப்பில்லை. கிட்டாரைத் தனியாகக் கேட்டுக்கொண்டே ஈக்யூ திருப்பும் பழக்கம் கூடாது. தனியாக அழகாக ஒலிப்பது பாட்டுக்குள் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஓங்கிய ஒலியை அமுக்கும் கம்ப்ரஸரை அக்கூஸ்டிக் ஸ்ட்ரம்மிங்குக்கு 3:1 விகிதத்தில், தாக்க நேரம் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லி செகண்டாக, ஓங்கிய இடங்களில் 3 அல்லது 4 டெசிபல் குறையுமாறு வையுங்கள். தாக்க நேரத்தை அதற்குக் கீழே இறக்கினால் பிக் கம்பியைத் தொடும் உயிர்ப்பு போய்விடும். டிஸ்டார்ஷன் தன்னளவிலேயே ஒலியை அமுக்குவதால் அங்கே கம்ப்ரஸர் பெரும்பாலும் தேவையில்லை. ரிவர்பை (செயற்கை எதிரொலி) தனித் தடத்தில் வைத்து, முன்தாமதம் (எதிரொலி தொடங்கும் முன் உள்ள இடைவெளி) 20 முதல் 30 மில்லி செகண்டும் நீளம் ஒன்றரை நொடிக்குள்ளும் கொடுத்து, அந்தத் தடத்தில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். எஞ்சியது கைவேலைதான்: பல்லவிக்கு ஒரு டெசிபல் ஏற்றம், சரணத்தில் சற்று இறக்கம், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் நுழையும் சிறு அசைவு. இதை ஆட்டோமேஷனில் (மாற்றங்களைத் தானாக நிகழ்த்தும் வசதி) பொறுமையாக வரைந்த மிக்ஸே பாட்டாகக் கேட்கிறது.

மிக்ஸைக் குறைந்த சத்தத்தில் கேட்டு முடிவெடுங்கள். பிறகு ஹெட்போனிலும், காரிலும், கைபேசியிலும் கேளுங்கள். நம் ஊர்த் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கியும் சிறிய கைபேசிகள் பலவும் மோனோவில்தான் ஒலிக்கின்றன என்பதால், மோனோ பொத்தானை அழுத்தி, கிட்டார் மெலியாமல் நிற்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். மெலிந்தால் குற்றவாளி பெரும்பாலும் நகலெடுத்த டிராக் அல்லது நேரம் பொருந்தாத இரண்டு மைக்குகள்.

ஸ்பாட்டிஃபை இயல்பு நிலையில் பாட்டுகளை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்கிறது. ஆகவே சத்தத்துக்காக உச்சங்களை நசுக்குவதில் பயனில்லை. உண்மை உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி, 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். அதோடு மூல டிராக்குகளையும், எலெக்ட்ரிக் கிட்டாரின் சுத்தமான டிராக்கையும், மைக் நின்ற இடத்தின் கைபேசிப் படத்தையும், கம்பியின் ரகத்தையும், பாட்டின் வேகத்தையும் ஒரே கோப்புறையில் வைத்து இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் சேமியுங்கள். நாளை ஒரு சரணத்தை மட்டும் மறுபடி வாசிக்க நேர்ந்தால் அதே ஒலியைக் கொண்டுவர இவை வேண்டும்.